ஈயம், பித்தளை, பேரீச்சம்பழம்: காயலான் கடைக் கணக்கு

கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கு வாரத்தில் இரண்டு நாள் குட்டியானை வரும். கேபின் மேல் கட்டிய ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் ஓடிக்கொண்டே இருக்கும்: "பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக், பழைய பேப்பர், ஈயம், பித்தளை, செம்பு, பேட்டரி, மோட்டார், மிக்சி, கிரைண்டர் எடுக்கறோம்..." நான் சின்னப் பையனாக இருந்தபோது இதே வேலைக்குச் சைக்கிளில் ஒருவர் வருவார். கேரியரில் சாக்கு, ஹேண்டில்பாரில் தராசு, முன்கூடையில் ஈ மொய்க்கும் பேரீச்சம்பழம். காசுக்குப் பதில் அதுதான் கிடைக்கும். ஓடாத வண்டியைக் காட்டி "இதைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்" என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பேரீச்சம்பழம்.

கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், போகிக்கு முன்னால் பரண் காலி செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அப்பாயியின் சாமான் மூட்டை ஒன்று கிடந்தது. உள்ளே நசுங்கிய கிண்ணங்கள், ஒரு பழைய இட்லிக் கொப்பரை, கறுத்துப்போன ஒரு சொம்பு. வாசலில் வண்டி நின்றது. வந்தவர் மூட்டையை அவிழ்த்துப் பார்த்து "ஈயம்" என்றார். நானும் "ஈயம்தான்" என்றேன். ஈய விலையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் அம்மா வந்து கேட்ட முதல் கேள்வி: "அந்தச் சொம்பு எங்கடா?"

அது ரசம் வைக்கும் ஈயச்சொம்பு. அவர் சொன்னதும் ஈயம், நான் சொன்னதும் ஈயம், சொம்பும் ஈயம். ஆனாலும் ஏமாந்தேன். எப்படி என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். காயலான் கடைத் தொழில் முழுவதும் அந்த ஒரு சொம்புக்குள் இருக்கிறது என்றே தோன்றுகிறது.

நம் பேச்சில் ஈயம் என்ற ஒரே சொல் மூன்று உலோகங்களுக்கு நடக்கிறது. சோறு வடிக்கும் 'ஈயப் பாத்திரம்' உண்மையில் அலுமினியம். தெருவில் "ஈயம் பித்தளை" என்று கூவும்போது பெரும்பாலும் கேட்பது இதைத்தான். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு, பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் இரண்டும் வெள்ளீயம். மூன்றாவது காரீயம். வலையில் கட்டும் குண்டு, இன்வெர்ட்டர் பேட்டரிக்குள் இருக்கும் தகடு எல்லாம் அது. காரீயம் உடம்புக்கு நஞ்சு. சமையலறைப் பக்கமே வரக் கூடாது. அலுமினியத்துக்கும் வெள்ளீயத்துக்கும் உலகச் சந்தையில் ஏறக்குறையப் பத்து மடங்கு விலை வித்தியாசம். நான் கொடுத்தது வெள்ளீயம், வாங்கியது அலுமினியக் காசு.

கண்டுபிடிப்பது கஷ்டமும் இல்லை. ஒரே அளவுள்ள அலுமினியத் துண்டைவிட வெள்ளீயம் இரண்டரை மடங்குக்கு மேல் கனக்கும். கையில் தூக்கினாலே தெரியும். வளைத்தால் மெல்லக் 'கிறீச்' என்று முனகும், அலுமினியம் முனகாது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், அலுமினியத்துக்கு 660 வேண்டும். ஈயச்சொம்பைத் தண்ணீரில்லாமல் அடுப்பில் வைக்கக் கூடாது என்று அப்பாயி திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான். எண் தெரியாது, விஷயம் தெரியும்.

சரி, இப்போது தொழிலுக்கு வருவோம். வீட்டில் இருக்கும் வரை அது சாமான்: சொம்பு, நாற்காலி, மிக்சி, பாடப்புத்தகம். அவருடைய சாக்குக்குள் போனதும் சரக்கு: அலுமினியம், பிளாஸ்டிக், செம்பு, வெள்ளைத்தாள். நாம் சாமானின் பெயரில் விற்கிறோம், அவர் சரக்கின் பெயரில் விற்கிறார். இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் அவருடைய வருமானம். அதைக் கடப்பதற்கு அறிவு வேண்டும், உழைப்பு வேண்டும். தரம் பிரிப்பது, உடைப்பது, உரிப்பது, காய வைப்பது, கட்டுவது என்று வேலை நீள்கிறது. "குப்பையை வாங்கிக் கொள்ளை லாபம் அடிக்கிறான்" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்பவர்கள், சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் காயலான் கடையில் நின்று பார்க்க வேண்டும். தகரக் கொட்டகைக்குள் பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாட்டில் மூடியைத் தனியாக, பாட்டிலைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டாவில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்க வேண்டும். திறப்பு தள்ளிப்போகும் வருடங்களில் குறுவையை இழுத்துப் பிடிப்பது போர்வெல் மோட்டார்தான். மோட்டார் அதிகம் ஓடும் ஊரில் மோட்டார் அதிகம் எரியவும் எரியும். ஒரு தடவை காயில் கட்டலாம், இரண்டு தடவை கட்டலாம், அப்புறம் அது கொட்டகை மூலைக்குப் போய்விடும். அதை இரும்பு என்று எடைக்குப் போட்டால் இரும்பு விலைதான். ஆனால் அதன் ஓடு வார்ப்பிரும்பு, உள்ளே அடுக்கடுக்காகச் சிலிக்கான் கலந்த எஃகுத் தகடு, தகட்டின் பள்ளங்களுக்குள் சுற்றிய செப்புக் கம்பி. இரும்பு கிலோ சில பத்து ரூபாய் போகும்போது செம்பு கிலோ பல நூறு ரூபாய் போகும். ஒலிபெருக்கியில் 'இரும்பு' என்று ஒரு தடவையும் 'மோட்டார்' என்று இன்னொரு தடவையும் சொல்வது அதனால்தான். மோட்டாரில் அவர் கண் வைப்பது அந்தச் செம்பின் மேல். சில மோட்டார்களில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றியிருக்கும். அனுபவமுள்ளவர் கம்பியைச் சுரண்டிப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டார்.

செம்புக் கம்பியின் மேலுறையை நீக்க இரண்டு வழி. கத்தியால் உரிக்கலாம், அல்லது கொளுத்தலாம். கொளுத்துவது சீக்கிரம் முடியும். ஆனால் பிவிசி உறை எரியும் புகையில் டையாக்சின் போன்ற நஞ்சுகள் உண்டு. முதலில் சுவாசிப்பவர் கொளுத்துகிறவர்தான். கருகிய கம்பிக்கு விலையும் குறைவு, சுத்தமாக உரித்த பளபளப்பான கம்பிக்கே நல்ல விலை. இருந்தும் ஊருக்கு வெளியே வாய்க்கால் ஓரம் இரவில் கரும்புகை எழுவதைப் பார்க்கலாம்.

அவர் சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்கும். ஒட்டினால் இரும்பு. பாத்திரத்தில் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வராக இருக்க வாய்ப்பு அதிகம். 18/8 என்று பாத்திரத்தின் அடியில் பொறித்திருப்பார்களே, அது குரோமியம் 18 பங்கு, நிக்கல் 8 பங்கு என்பதன் கணக்கு. நிக்கல் விலை கூடியது, அதனால் அந்தத் தட்டுக்கும் விலை உண்டு. காந்தம் ஒட்டுகிற எவர்சில்வரில் நிக்கல் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஒட்டாத எல்லாமே 18/8 என்றும் சொல்ல முடியாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவு வகைகளும் ஒட்டாது. அந்த இடத்தில் காந்தத்துக்கு வேலை முடிந்துவிடுகிறது, அவருடைய கண்ணுக்கு வேலை ஆரம்பிக்கிறது.

இந்த விலைகளை யார் வைக்கிறார்கள்? இரும்பு விலையைப் பெரும்பாலும் பக்கத்து உருக்காலைகளின் தேவை முடிவு செய்கிறது. செம்பு, அலுமினியம், நிக்கல், துத்தநாகம், வெள்ளீயம், காரீயம் ஆகியவற்றின் விலை 1877-ல் தொடங்கிய லண்டன் உலோகச் சந்தையைப் பார்த்து நகர்கிறது. அந்த விலை மும்பை வழியாகச் சென்னைக்கும் திருச்சிக்கும் வந்து, மொத்த வியாபாரியின் போனில் ஏறி, காயலான் கடைக்காரர் வாயில் விழுந்து, கடைசியில் எங்கள் வாசலுக்கு வருகிறது. "போன வாரம் அவ்வளவு கொடுத்தீங்களே" என்று அம்மா சண்டை போட்டால் "ரேட்டு இறங்கிடுச்சு அக்கா" என்பார். பாதி நேரம் அது உண்மை.

கை மாறும் வரிசை இப்படி. வீட்டுக்கு வருகிறவர் பெரும்பாலும் சொந்த முதல் போட்டு வருவதில்லை. காலையில் கடைக்காரர் கொடுக்கும் முன்பணம்தான் அவர் மடியில் இருக்கும். பல இடங்களில் மூன்று சக்கர வண்டியும் கடைக்காரருடையதே. சாயங்காலம் அதே கடையில் சரக்கை இறக்க வேண்டும், அவர் சொல்வதே விலை. நம்மிடம் பேரம் பேசுகிற மனிதருக்கு அங்கே பேரம் பேச வாய் இருக்காது. காயலான் கடை தரம் பிரித்துச் சேர்த்து வைக்கும். லாரி லோடு சேர்ந்ததும் மொத்த வியாபாரியின் குடோனுக்குப் போகும். அங்கிருந்து ஆலைக்கு. கும்மிடிப்பூண்டி, புதுச்சேரி பக்கம் உள்ள மின்தூண்டல் உலைகளில் நம் வீட்டுத் துருப்பிடித்த கட்டில் கால் உருகிக் கட்டுமானக் கம்பியாகிறது.

வரிக் கணக்கும் உண்டு. வீட்டிலிருந்து பழைய சாமான் போடும் நமக்கு அதில் ஒன்றுமில்லை. 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவு இல்லாத வியாபாரியிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவு பெற்றவர்தான் வரியைக் கட்ட வேண்டும் என்று மாற்றினார்கள். சிறு கடைக்காரர்களின் பேச்சில் இது அடிக்கடி அடிபடும், அவ்வளவுதான்.

எல்லாச் சரக்கும் தொலைதூரம் போவதில்லை. பித்தளை எங்கள் பக்கம் கொஞ்சம் தனிக்கதை. கும்பகோணத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் நாச்சியார்கோயில். அங்கே வார்க்கும் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு. பட்டறைகளில் பழைய பித்தளையை உருக்கி, காவிரி வண்டல் மண்ணில் எடுத்த அச்சில் ஊற்றுவார்கள். செம்பும் துத்தநாகமும் கலந்ததுதான் பித்தளை. எத்தனை தடவை உருக்கினாலும் பித்தளை பித்தளைதான், குறைகிற துத்தநாகத்தைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் போதும். பரணில் கிடந்த ஓட்டைக் குடம் மூன்று மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக் கல்யாணச் சீரில் விளக்காக வந்து நிற்கலாம். நமக்குத் தெரியாது, விளக்குக்கும் தெரியாது.

அலுமினியமும் அப்படித்தான் திரும்பத் திரும்ப உருகும். மண்ணிலிருந்து வெட்டிய பாக்சைட்டிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் சக்தியில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் பழையதை உருக்கிவிடலாம். யாரும் பிரசாரம் செய்யாமலேயே பழைய அலுமினியத்துக்கு எப்போதும் ஆள் இருப்பதன் காரணம் அதுதான்.

காகிதத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கூழாக்கும் ஒவ்வொரு தடவையும் நார் குட்டையாகிறது. ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு அட்டைக்குக்கூடத் தாங்காது. அதனால் நீள நார் உள்ள வெள்ளை நோட்டுத்தாளுக்கு ஒரு விலை, செய்தித்தாளுக்கு ஒரு விலை, அட்டைப்பெட்டிக்கு ஒரு விலை. எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிப் போட்டால் மலிவானதன் விலையே மொத்தத்துக்கும் கிடைக்கும். பள்ளிப் பரீட்சை முடிந்த சமயத்தில் நோட்டுகளைத் தனியாக எடுத்து வைத்தாலே வித்தியாசம் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் காகிதம் போடவே வேண்டாம் என்பேன். எங்கள் ஊர் அடைமழையில் காகிதம் ஈரம் குடித்துக் கனக்கும், அவரும் ஈரத்துக்கு என்று தாராளமாகக் கழிப்பார். அந்தக் கழிவு நியாயமா அநியாயமா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. தை வரை பொறுத்தால் இருவருக்கும் நிம்மதி.

பிளாஸ்டிக்தான் பெரிய குழப்பம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று, உள்ளே சேராத சாதிகள். சாமானின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். தண்ணீர் பாட்டில் 1, ஷாம்பு பாட்டிலும் எண்ணெய் கேனும் பெரும்பாலும் 2, பிவிசி குழாய் 3, பால் கவர் 4, நாற்காலி 5. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து உருக்கினால் இரண்டும் கெட்டுவிடும். எண் அழிந்துபோன துண்டைத் தரையில் தட்டி, அந்தச் சத்தத்திலேயே வகை சொல்லும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். சிப்ஸ் பாக்கெட்டை யாரும் எடுக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் படலமும் மெல்லிய அலுமினியப் பூச்சும் பிரிக்க முடியாமல் ஒட்டியிருக்கும். பிரிக்க முடியாதது சரக்காகாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றைத் தடை செய்ததற்குப் பின்னாலும் இதே தர்க்கம்தான்: மெல்லிய பைக்குப் பொறுக்கும் கூலிகூடத் தேறாது. மதுப் பாட்டிலுக்கு வேறு வழி பிடித்தார்கள். 2022-ல் நீலகிரியில் தொடங்கிய திட்டத்தில் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தருகிறார்கள். குப்பைக்கு விலை வைத்தால் அது குப்பையில் கிடக்காது என்பதைக் காயலான் கடைக்காரர் எப்போதோ தெரிந்துவைத்திருந்தார்.

தராசைப் பற்றிக் கேட்காமல் விட மாட்டீர்கள். வியாபாரத்துக்குப் பயன்படும் தராசுக்கு அரசு முத்திரை வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை, தண்டுத் தராசுக்கும் படிக்கல்லுக்கும் இரண்டு ஆண்டுக்கொரு முறை மறுமுத்திரை. கையில் தொங்கவிடும் சுருள்வில் தராசை நான் நம்புவதில்லை. முத்திரையைத் தேடிக்கொண்டிருப்பதைவிட எளிய வழி ஒன்று உண்டு. பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பையைக் கொண்டுவந்து "முதல்ல இதைப் போடுங்கண்ணே" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். நேர்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எடைக்குப் போடக் கூடாத சாமான்களும் இருக்கின்றன. ஓடுகிற தையல் மெஷின், சுழல்கிற மின்விசிறி, ஒரு வயர் மட்டும் போன மிக்சி ஆகியவற்றின் விலை பொருளில் இருக்கிறது, எடையில் இல்லை. பழைய வீடு இடிக்கும்போது இது இன்னும் பெரிதாகும். தேக்குத் தூண், உத்தரம், பித்தளைக் குமிழ் வைத்த நிலைக்கதவு, நாட்டு ஓடு எல்லாவற்றுக்கும் தனி வியாபாரிகள் இருக்கிறார்கள். இடிப்பவரிடம் "மொத்தமா எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் காசு மிச்சம் என்று நினைக்கிறவர், கதவு எங்கே போய் என்ன விலைக்கு விற்றது என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதே உடம்புக்கு நல்லது.

பேட்டரிக்கு வருகிறேன், மூன்றாவது ஈயம் அங்கேதான். 2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இன்வெர்ட்டர் வாங்காத வீடு எங்கள் தெருவில் குறைவு. அந்த பேட்டரிக்குள் காரீயத் தகடும் கந்தக அமிலமும். நாமும் அமிலத்தைக் கொட்டக் கூடாது, வாங்குகிறவர் வாசல் சாக்கடையில் கொட்டுவதற்கும் விடக் கூடாது. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழிப்பது நல்லது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், தயாரிப்பாளரே பழைய பேட்டரிக்குப் பொறுப்பு என்று சொல்கின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளும் டிவி, செல்போன், கம்ப்யூட்டருக்கு அதையே சொல்கின்றன. செல்போனை எப்படிப் போட்டாலும் முதலில் உள்ளே இருப்பதை அழித்துவிடுங்கள்.

இன்னொன்று: திருட்டுச் சரக்கு. வயலில் இரவோடு இரவாக மோட்டார் கேபிளை அறுத்துப் போவது டெல்டா விவசாயிகளுக்குப் பழகிப்போன வயிற்றெரிச்சல். தெரிந்தே அதை வாங்கும் கடைக்காரரும் குற்றவாளி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு. அதனால் விவரமானவர்கள் முன்பின் தெரியாதவர் கொண்டுவரும் செம்பையும் கோயில் மணி, விளக்குத் துண்டுகளையும் தொட மாட்டார்கள். ஒரு சிலர் செய்வதற்காக, சாக்கோடு தெருவில் வரும் எல்லோரையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை பொறுக்குகிறவர்களையும் கழிவு வியாபாரிகளையும் பெயர் சொல்லி அங்கீகரித்து, உள்ளாட்சிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றன. தெருமுனையில் அவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை அந்த விதியை இன்னும் படிக்கவில்லை.

பழைய துணியைக் குட்டியானைக்காரர் எடுக்க மாட்டார். கேட்டால் கையை ஆட்டிவிடுவார். அது வேறு வரிசை. எவர்சில்வர், பிளாஸ்டிக் சாமான் நிறைந்த கூடையோடு வரும் பெண்கள், நாலு புடவைக்கு ஒரு டப்பா என்று மாற்றுவார்கள். தலை சீவி உதிர்ந்த முடிக்கு ஒரு வரிசை உண்டு. பட்டுப் புடவைக்கு மட்டும் தனியாக ஒருவர் வருகிறார். அவருக்குப் பட்டு வேண்டாம், சரிகைதான் வேண்டும். பழைய கைத்தறிப் பட்டின் அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய வெள்ளி இழை, அதன் மேல் தங்க முலாம். எரித்து உருக்கினால் வெள்ளி மிஞ்சும்.

போன மாதம் அவர் வந்தார். "பழைய பட்டு ஏதாச்சும் இருக்காம்மா? கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல" என்றார். அப்பாயியின் திருபுவனம் பட்டு ஒன்று மடிப்பு மடிப்பாக விட்டுப்போய் பீரோவில் கிடக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பீரோ சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.